‘சூப்பர்’ என்று சொன்னால் போதுமா? கதை எழுதுபவர்கள் வாசகரிடம் எதிர்பார்ப்பது என்ன?

கதை எழுதி அனுப்பும் பழக்கம் இருந்த வீடுகளில் சில முகவரிகள் மனப்பாடமாக இருக்கும். அவற்றில் ஒன்று, ‘ஈக்காட்டுத்தாங்கல், சென்னை - 600 032.’ கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய இந்த முகவரியில்தான் கல்கி வார இதழின் அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது. வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ரயில்வே கிளார்க், மதியச் சமையலை முடித்துவிட்டு உட்காரும் இல்லத்தரசி என்று பலரும் தங்கள் கதையை இந்த முகவரிக்குத் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அனுப்புவதற்கென்று ஒரு முறை உண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். ‘இது என் சொந்தக் கற்பனை, வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கதை தேர்வாகாவிட்டால் திரும்பி வர, சுயமுகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தபால்காரர் அந்தக் கவரையே நீட்டினால், பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கனத்தை வைத்தே விஷயம் புரிந்துவிடும்.

அப்படித் திரும்பி வந்தும் அடுத்த கதையை எழுத உட்கார்ந்தவர்கள்தான் தமிழ் வார இதழ்களின் பக்கங்களைப் பல பத்தாண்டுகள் நிரப்பினார்கள். 1941-ல் தொடங்கிய கல்கி, 2020-ல் கொரோனா காலத்தில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. கவர், ஸ்டாம்ப் எல்லாம் போய்விட்டன. எழுதுகிற ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. கிண்டியில் மெட்ரோ ஏறி, ஆலந்தூர் தாண்டுவதற்குள் செல்போனில் ஒரு பத்தி டைப் செய்துவிடுகிற தலைமுறை இது.

வேலை வேறு, எழுத்து வேறு என்று இருக்கும் இவர்கள் என்ன எதிர்பார்த்து எழுதுகிறார்கள்? படித்தவர்களிடமிருந்து அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கிறது? இன்று பெரிய பெயர்களாக நாம் அறிந்தவர்கள் புதியவர்களாக இருந்த காலத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் ஆசை, பெயர் அச்சில் வருவது

கிண்டியில் தாம்பரம் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக வேலை பார்த்தவர் எஸ்.ரங்கராஜன். நாம் அறிந்த பெயர் சுஜாதா. அவருடைய முதல் கதை 1953-ல் திருச்சியிலிருந்து வந்த ‘சிவாஜி’ இதழில் வெளியானது. புகழின் உச்சிக்குப் போன பிறகும் அந்த இதழின் பிரதி கிடைக்காதா என்று தேடியதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

பிறகு குமுதத்துக்கு எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன்கள் வேண்டாமே என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். பெயர் அச்சில் வர வேண்டும் என்பதுதான் முதல்முறை எழுதுபவரின் ஆசை. கடைசியில் அச்சில் வந்த பெயர் அவருடையதாக இல்லாவிட்டாலும், படித்தவர்கள் அந்தப் பெயரைத் தேடிப் படித்தார்கள். அதுதானே வேண்டும்!

ஃபீஸ் கட்டிய கதைகள்

பணத்துக்காக எழுதியவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சென்னையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த திரிபுரசுந்தரிக்கு, வீட்டிலிருந்து படிப்புச் செலவுக்குப் பணம் வருவது நின்றபோது ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ்.வாசனை அணுகினார். விகடனில் கதைகள் வெளியாகின. கதைக்குக் கிடைத்த பணம் படிப்புக்குக் கைகொடுத்தது. அவர்தான் எழுத்தாளர் லக்ஷ்மி. தென்னாப்பிரிக்காவில் மருத்துவராக வாழ்ந்தபோதும் அவர் எழுத்தை விட்டுவிடவில்லை. ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

பரிசும் சினிமாவும் இன்னொரு கனவு. அனுராதா ரமணனின் ‘சிறை’ விகடன் சிறுகதைப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1984-ல் திரைப்படமாகவும் வந்தது. ‘நம்ம கதைக்கும் அப்படி ஒரு நாள் வராதா’ என்று நினைக்காமல் போட்டிக்கு அனுப்புபவர்கள் குறைவு.

ஆனால், சன்மானத் தொகையைக் கணக்குப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஜெராக்ஸ் செலவும் தபால் செலவும் போகப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. இருந்தும் எழுதினார்கள். ஏனென்றால், அவர்களிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. சிவசங்கரியின் முதல் சிறுகதை ‘அவர்கள் பேசட்டும்’ 1968-ல் கல்கியில் வந்தது. குழந்தை இல்லாத தம்பதியைப் பற்றிய கதை அது. குடும்பத்துக்குள் எல்லோரும் ஜாடையாகப் பேசி, நேராக யாரும் பேசாத விஷயத்தை, ஒரு புதிய எழுத்தாளர் குடும்பப் பத்திரிகையில் வைத்துப் பேசினார்.

விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டில் மளிகைக்கடை நடத்தியவர் மேலாண்மை பொன்னுச்சாமி. பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கடைக்கு வருகிறவர்களின் வாழ்க்கையைக் கதையாக்கினார். ‘மின்சாரப் பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக 2007-ல் சாகித்ய அகாடமி விருது அவருக்குக் கிடைத்தது. எழுதப் பெரிய படிப்பு வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

முதல் வாசகர் யார்?

புதிதாக எழுதும் யாருக்குமே முதலில் வேண்டியது லட்சம் வாசகர்கள் இல்லை. காது கொடுத்துக் கேட்கும் ஒரே ஒருவர்தான்.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். 1901-ல் பிறந்து, ஐந்து வயதிலேயே திருமணமாகி, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவர் கோதைநாயகி. கதை சொல்வதில் கெட்டிக்காரர். தன் மனதில் இருந்த ‘இந்திரமோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பட்டம்மாள் அன்று ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று எழுந்து போயிருந்தால்?

இன்றைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம்மாள் தேவைப்படுகிறார். அது கணவராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம். ஆனால், வீட்டுக்குள் கிடைக்கும் பதிலில் ஒரு பிரச்னை உண்டு. பாசத்தில் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்பார்கள். இல்லையென்றால், ‘இதுல வர்ற மாமியார் எங்கம்மாவா?’ என்று கேட்பார்கள். இரண்டுமே கதையைப் பற்றிய பதில் இல்லை. முகம் தெரியாத வாசகரின் பதிலுக்கு எழுதுபவர்கள் ஏங்குவது இதனால்தான்.

குழந்தைக்குப் பெயர் வைத்த வாசகர்கள்

வாசகர் நினைத்தால் எவ்வளவு பெரிய பதில் தர முடியும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. நா.பார்த்தசாரதி, ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் கல்கியில் எழுதிய தொடர் ‘குறிஞ்சி மலர்’. அதன் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. தொடர் வந்த காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பலர் பெயர் வைத்தார்கள். நாயகனின் மரணத்தை வீட்டில் ஒருவர் போனதுபோல எடுத்துக்கொண்ட வாசகர்கள் இருந்தார்கள். விருதுப் பட்டியலில் இடம் பெறாத விருது அது.

கல்கியே இதற்கு விலக்கில்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்து முடிந்தபோது, ‘இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்’ என்று வாசகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை மதித்து, முடிவுரையில் கல்கி பதில் எழுதினார். அவ்வளவு பெரிய நாவலை எழுதியவர், ‘கதை முடிந்தது, போய் வாருங்கள்’ என்று இருந்துவிடவில்லை.

திட்டும் ஒரு பதில்தான்

எல்லாப் பதிலும் இனிக்காது. 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியானது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் கதை. ஊரைக் கூட்டாமல், மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று அணைத்துக்கொள்கிறாள் தாய். இந்த முடிவைப் படித்த தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்தது. பாராட்டும் கண்டனமும் கடிதங்களாகக் குவிந்தன.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்த எதிர்ப்பையே எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். ‘அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், கூச்சல் போட்டு ஊருக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்?’ அதற்கு விடையாக ‘தினமணி கதிர்’ இதழில் எழுதிய தொடர்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். 1972-ல் சாகித்ய அகாடமி விருது, 1977-ல் லட்சுமி நடிப்பில் திரைப்படம். வாசகர் கோபப்பட்டு எழுதிய கடிதங்கள் இல்லாவிட்டால் கங்கா என்ற பாத்திரம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

எதிர்ப்பு எப்போதும் இப்படி நல்லதாக முடிவதும் இல்லை. குமுதத்தில் சுஜாதா எழுதத் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ தொடர், வந்த எதிர்ப்பால் பாதியில் நிறுத்தப்பட்டது. பின்னாளில் அதை ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு வடிவத்தில் எழுதினார். சுஜாதாவுக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது. முதல் கதையிலேயே திட்டு வாங்கும் புதியவருக்கு அந்த வாய்ப்பு இருக்காது. பேனாவை மூடி வைத்துவிடுவார். ஒரு கதையைக் கடுமையாக விமர்சிப்பதற்கும், எழுதியவரை அவமானப்படுத்துவதற்கும் உள்ள தூரம் இங்கேதான் முக்கியமாகிறது.

கேட்காமலே படித்தவர்கள்

பாராட்டையும் திட்டையும்விட எழுதுபவரை வாட்டுவது மௌனம். கதை வெளிவருகிறது. ஒரு வாரம் போகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. படித்தார்களா, படிக்கவில்லையா என்றே தெரியவில்லை.

இந்த மௌனத்தை உடைக்க, சென்னையில் 1970-ல் ஒரு வேலை தொடங்கியது. ப.லட்சுமணன், ப.சிதம்பரம் சகோதரர்களின் முயற்சியில் உருவான ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்புதான் அது. ஒவ்வொரு மாதமும் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியான சிறுகதைகளை ஒருவர் படித்து, அவற்றில் ஒன்றை அந்த மாதத்தின் சிறந்த கதையாகத் தேர்வு செய்வார். ஆழ்வார்பேட்டை ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தில் நடந்த மாதக் கூட்டங்களில், ஏன் அந்தக் கதை என்று காரணத்தோடு பேசுவார்கள். வருட முடிவில் 12 கதைகளும் வானதி பதிப்பகம் வழியாகப் புத்தகமாக வரும். அவற்றில் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாகும்.

இதில் முக்கியமான விஷயம், எழுதியவர் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. பெரிய பெயரா, முதல் கதையா என்ற கேள்வியும் இல்லை. எங்கோ ஒரு ஊரில் இருந்துகொண்டு, ‘யாராவது படித்தார்களா’ என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, ‘படித்தோம், உங்கள் கதை இதனால் பிடித்திருந்தது’ என்று தகவல் போகும். புதிய எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய உற்சாகம் எதுவாக இருக்க முடியும்?

‘சூப்பர்’ வந்துவிட்டது, பிறகு?

இன்று கதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. பெங்களூரில் 2014-ல் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற செயலிகளில் எழுதிய அன்றே வெளியிட்டுவிடலாம். எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையும் உடனே தெரிந்துவிடுகிறது. கனமான கவர் திரும்பி வரும் வேதனை இல்லை.

ஆனால், புதிய வேதனைகள் வந்திருக்கின்றன. ‘சூப்பர்’, ‘செம’, கைகூப்பும் எமோஜி, ‘அடுத்த அத்தியாயம் எப்போ?’ போன்றவைதான் பெரும்பாலும் பதில். கதையில் எது பிடித்தது, எங்கே சலித்தது என்று சொல்ல ஆள் இல்லை. ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்ற அச்சடித்த சீட்டும் காரணம் சொல்லாது, ‘சூப்பர்’ என்ற ஒற்றை வார்த்தையும் காரணம் சொல்லாது. எழுதுபவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெண்கள் எழுதும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ‘இது உங்க சொந்தக் கதையா?’ விவாகரத்தைப் பற்றி எழுதினால், எழுதியவர் வீட்டில் ஏதோ பிரச்னை என்று முடிவு கட்டுகிறார்கள். குடிகாரக் கணவனைப் பற்றி எழுதினால், உறவினர் வீட்டு விசேஷத்தில் அவருடைய கணவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே புனைபெயருக்குள் ஒளிபவர்கள் இருக்கிறார்கள். எழுத நினைத்ததை எழுதாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதைகள் நமக்குக் கிடைக்கவே போவதில்லை.

கதை படித்தீர்களா? இப்படிச் சொல்லிப் பாருங்கள்

தெரிந்தவர் எழுதிய கதையோ, தெரியாதவர் எழுதிய கதையோ, படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

* மனதில் நின்ற ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘கதை அருமை’ என்பதைவிட, ‘அந்த அப்பா செருப்பைத் தேடுகிற இடத்தில் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது’ என்ற ஒரு வரி எழுதுபவருடன் பல வருடம் இருக்கும்.

* எங்கே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அது திட்டு ஆகாது. அந்த இடத்தில் கதை தொய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

* ‘நானாக இருந்தால் இப்படி முடித்திருப்பேன்’ என்று தொடங்குவதற்கு முன்பு, அவர் ஏன் அப்படி முடித்தார் என்று ஒருமுறை கேளுங்கள்.

* ‘சொந்தக் கதையா?’ என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். சொந்தக் கதையாக இருந்தால் அவராகச் சொல்வார்.

* பிடிக்கவில்லையா? கதையைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். சபையில் சொல்வதைவிட தனியாகச் சொன்னால் இன்னும் நல்லது.

எழுதுபவர்களுக்கும் இரண்டு வார்த்தை

பதிலை எதிர்பார்க்கிறவர் முதலில் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடுத்தவர் கதையைக் கடைசியாக எப்போது படித்துவிட்டு இரண்டு வரி எழுதினீர்கள்? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் கிண்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான். மூத்தவர்களின் சிறுகதைத் தொகுப்புகளை அங்கே உட்கார்ந்து இலவசமாகப் படிக்கலாம். நண்பர்கள் நான்கு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஆளுக்கொரு கதையைப் படித்துப் பேசலாம். அதற்கு டீ செலவைத் தவிர வேறு செலவில்லை.

வரும் பதில்களை எடை போடவும் பழக வேண்டும். ஒருவர் ‘முடிவு புரியவில்லை’ என்றால் அது அவருடைய அவசரமாக இருக்கலாம். ஐந்து பேர் அதையே சொன்னால் அந்த முடிவைத் திரும்பப் படித்துப் பார்ப்பது நல்லது. அதே சமயம், எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டே போனால் கதையில் எழுதியவர் இல்லாமல் போய்விடுவார். ‘அக்கினிப் பிரவேசம்’ எல்லோருக்கும் பிடித்த கதை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தபால் பெட்டியில் கதையைப் போட்டவருக்கும், செல்போனில் ‘வெளியிடு’ பட்டனைத் தட்டுகிறவருக்கும் நடுவே 50 வருட இடைவெளி இருக்கலாம். இருவரும் கேட்பது ஒன்றைத்தான். தான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்தாரா? அதற்குப் பதில் சொல்ல வாசகருக்குப் பெரிய இலக்கியப் பயிற்சி எதுவும் தேவையில்லை. கடைசியாகப் படித்த கதையில் எந்த இடம் உங்களைத் தொட்டதோ, அதை எழுதியவருக்கு இன்றே ஒரு வரி அனுப்புங்கள். அவருடைய அடுத்த கதை அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கக்கூடும்.